வன்னியில் கமத்தொழிலும் உணவுத் தயாரிப்பும்: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் விளையும் நெல்லில் பெரும்பங்கு, அறுவடையான கையோடு லொறி ஏறி வெளி மாவட்ட ஆலைகளுக்குப் போகிறது. பிறகு அது அரிசியாகி, அச்சடித்த பையில் அடைபட்டு, கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் புதுக்குடியிருப்புக்கும் திரும்பி வருகிறது. அதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களில் நெல்லை விளைவித்தவரும் இருக்கிறார். உழுந்து, கச்சான், எள், மிளகாய் ஆகியவற்றின் நிலையும் ஏறக்குறைய இதுதான். வயலுக்கும் கடைக்கும் நடுவே உலர்த்தல், சுத்தப்படுத்தல், களஞ்சியப்படுத்தல், அரைத்தல், பொதி செய்தல், தரம் பார்த்தல், இயந்திரம் திருத்தல் என்று எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் தேடும் தொழில்களில் பல அங்கேதான் இருக்கின்றன.

நான் ஒரு சிறிய அரைப்புக் கூடத்தை முறைப்படி பதிவு செய்து நடத்தத் தொடங்கும் வரை பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. ஒவ்வோர் அலுவலகமும் கேட்ட ஆவணம் நியாயமானதுதான். ஆனால் எதை முதலில் எடுக்க வேண்டும், எதற்கு எது அடிப்படை என்று முழு வரிசையையும் எவரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டணங்கள் பிரதேச சபைக்குப் பிரதேச சபை மாறும். வருடத்துக்கு வருடமும் மாறும். ஆகவே நிலையான தொகைகளை மட்டும் தந்திருக்கிறேன்.

1. எந்தப் பக்கம் போவது என்று முதலில் தீர்மானியுங்கள்

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பயிற்சி பெற்றுச் சம்பளத்துக்கு வேலை செய்வது ஒன்று. சொந்தமாகவோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிர் செய்வது இன்னொன்று. விளைபொருளை வாங்கி, பதப்படுத்தி, பொதி செய்து விற்பது மூன்றாவது.

நிலமும் சேமிப்பும் இல்லாதவர்கள் முதலாவது வழியில் தொடங்குவதே நல்லது. குடும்பத்துக்கு வயலோ தோட்டமோ இருந்தால் பயிரோடு சேர்த்து ஒரே ஒரு தயாரிப்புப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: அரிசிமா, மிளகாய்த்தூள், கோது நீக்கிய உழுந்து, மோர்மிளகாய், எள்ளுருண்டை என்று ஏதாவது ஒன்று. ஐந்து பொருள்களோடு தொடங்கி ஐந்தையும் கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து பணத்தோடு திரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வந்தவுடன் காணி வாங்காதீர்கள். காரணத்தை ஆறாவது பகுதியில் விளக்கியிருக்கிறேன்.

2. ஒரு போகம் பிறரிடம் வேலை செய்யுங்கள்

இதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். நான் மிகவும் வற்புறுத்துவதும் இதைத்தான். பயிர்ச்செய்கைக்கு வருபவர் காலபோக (மழைக்காலப் போக) விதைப்புக்கு முன், செப்டெம்பர் கடைசியில், அனுபவமுள்ள ஒரு கமக்காரரிடம் சேர்ந்து அறுவடை வரை கூடவே இருங்கள். தயாரிப்புக்கு வருபவர் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஓர் ஆலையிலோ கொள்வனவு நிலையத்திலோ நில்லுங்கள். வேலைப் பளு உச்சத்தில் இருக்கும் அந்த மாதங்களில்தான் தொழிலின் உண்மையான முகம் தெரியும்.

அங்கே கவனிக்க வேண்டிய முதல் விடயம் ஈரப்பதன். அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லை 14 சதவீத ஈரப்பதனில் எதிர்பார்க்கிறது. அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே வரும் நெல்லில் ஈரம் அதைவிட மிகக் கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசத்தைக் காரணம் காட்டித்தான் வியாபாரி மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார். வீதியோரத்தில் நெல்லைக் காய வைப்பவர்கள் அதற்காகத்தான் அந்த வெயிலில் நிற்கிறார்கள்.

அடுத்தது தேறும் அளவு. 100 கிலோ நெல் நல்ல ஆலையில் ஏறக்குறைய 65 கிலோ அரிசி தரும். நான்கு கிலோ பழுத்த மிளகாய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். இந்த விகிதங்களை உங்கள் கையால் நிறுத்துப் பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். பின்னர் வங்கிக்குக் கொடுக்கும் திட்டமும், பொருளுக்கு நீங்கள் போடும் விலையும் இந்தக் குறிப்பிலிருந்துதான் வர வேண்டும்.

3. ஆவணக் கோப்பைத் தயார் செய்யுங்கள்

வன்னியில் இந்தப் படிதான் அதிக நாள் எடுக்கும். 2009 வரை நடந்த இடப்பெயர்வுகளில் பல குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் இழந்தன. சில வீடுகளில் அவை இன்னும் முழுதாக மீட்கப்படவில்லை. தொழிலுக்கு விண்ணப்பிக்கும் நாளில் இதைத் தேடத் தொடங்கினால் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிடும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழின் பிரதி, க.பொ.த. சாதாரண தர, உயர் தரப் பெறுபேறுகள். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ். நிலம் இருந்தால் காணி உறுதியின் அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி. வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பரீட்சைப் பெறுபேற்றுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். சுட்டெண் நினைவில்லாவிட்டால் நீங்கள் படித்த பாடசாலையின் பதிவேட்டில் முதலில் கேளுங்கள். உறுதியின் பிரதி காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திர விவரம் பிரதேச செயலகக் காணிக் கிளையிலும் கிடைக்கும்.

பெயர் வித்தியாசத்தால் இங்கே பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அடையாள அட்டையில் தந்தையின் முழுப்பெயர், பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்து, அனுமதிப்பத்திரத்தில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்று மூன்று விதமாக இருக்கும். ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கொடுத்துச் சில இடங்களில் சமாளிக்கலாம். வங்கிக் கடனிலும் காணி விடயத்திலும் அது எப்போதும் போதாது. முடிந்தால் இப்போதே திருத்துங்கள்.

வரி அடையாள இலக்கத்தையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை. இலக்கம் எடுத்தவுடன் வரி கட்ட வேண்டி வரும் என்று பயப்படவும் வேண்டாம். வருமானம் வரம்பைத் தாண்டினால்தான் வரி.

4. எங்கே படிப்பது

நம் பிரதேசத்துக்குள்ளேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகிறது. உயர் தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தவர்களுக்கான நான்கு வருடப் பட்டப்படிப்பு அங்கே இருக்கிறது. தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்கள் தொழில்நுட்ப பீடத்தைப் பார்க்கலாம். அதுவும் அறிவியல் நகரில்தான். 2016 இல் அங்கே திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் உணவுத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். இயந்திரத்தில் கை வைத்துப் பழகாமல் உணவுத் தொழிற்சாலை வேலைக்குப் போவது கடினம். அங்கே செய்முறைக்கு இடம் கொடுக்கிறார்கள்.

வவுனியாவில் விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலை இருக்கிறது. டிப்ளோமா படிப்புக்கான விண்ணப்பம் வர்த்தமானியில் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். கைத்தொலைபேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாம். முடிவுத் திகதிக்கு முந்திய வாரம் பதிவுத் தபாலில் அனுப்பினால்தான் நிம்மதி.

குறுகிய பயிற்சிகளுக்கு வட்டக்கச்சி மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையத்தையும், பிரதேச செயலகத்தோடு இயங்கி, சிறுதொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையத்தையும் அணுகுங்கள். அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் அனுராதபுரத்தில் இருக்கிறது. வவுனியாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம். போகுமுன் பயிற்சி எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் ஏழு மட்டங்கள் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தொழிற்சாலை வேலைக்குக் குறைந்தது 3 அல்லது 4 ஐக் குறிவையுங்கள்.

தனியார் நிறுவனங்களில் பணம் கட்டுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று. நீங்கள் சேரப்போகும் அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் படிப்பு முடிவில் கிடைப்பது அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் மட்டுமே. அதைத் தேசியச் சான்றிதழாக எவரும் ஏற்கமாட்டார்கள்.

ஏற்கெனவே பல வருடம் பேக்கரியிலோ ஆலையிலோ வயலிலோ வேலை செய்தவர்கள் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். வேலை செய்த இடத்தின் கடிதம், படங்கள், பற்றுச்சீட்டுகள் எல்லாம் அந்த மதிப்பீட்டில் உதவும்.

5. சம்பள வேலை: கையெழுத்து இடுமுன்

அரிசி ஆலை, பால் சேகரிப்பு நிலையம், ஐஸ் தொழிற்சாலை, கடலுணவுப் பதனிடல், பேக்கரி, ஆனையிறவு உப்பளம், விதை உற்பத்திப் பண்ணை, உழவு மற்றும் அறுவடை இயந்திரச் சேவை ஆகியவை நம் பகுதியில் ஆட்களை எடுக்கும் இடங்கள். இவற்றில் இயந்திரச் சேவையை இளைஞர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் ஆதங்கம். அறுவடை இயந்திரம் பழுதுபட்டால் மூன்று நாள் காத்திருக்க எந்தக் கமக்காரராலும் முடியாது. திருத்தத் தெரிந்தவரை வீடு தேடி வந்து ஏற்றிப்போவார்கள். உழவு இயந்திரம் ஓட்ட விரும்புபவர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜி வகுப்பையும், இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு ஜி1 வகுப்பையும் எடுக்க வேண்டும். கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது.

வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா, நாட்சம்பளம் 1,200 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. “முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம், அதற்கு நிதி கிடையாது” என்று சிலர் சொல்வார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே நிதி கட்டப்பட வேண்டும் என்பதே சட்டம். மறுத்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

உணவைக் கையாளும் எந்த வேலைக்கும் மருத்துவப் பரிசோதனை தேவை. நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியும் கேட்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

6. நிலம்: வாங்குமுன், குத்தகைக்கு எடுக்குமுன்

வன்னியின் பெரும்பாலான குடியேற்றத் திட்டக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோதான் அவற்றின் ஆவணம். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இவற்றை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. ஆனாலும் வெறும் உடன்படிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது. இப்படி வாங்கியவருக்குச் சட்டப்படி எந்த உரிமையும் வராது. விற்றவர் இறந்தால் காணி சட்டப்படி அவருடைய பின்னுரித்தாளருக்கே (வாரிசுக்கே) போகும். வெளிநாட்டுப் பணம் அதிகமாக அழிவது இந்த இடத்தில்தான்.

ஆகவே காணியைப் பார்த்தவுடன் முற்பணம் கொடுக்காதீர்கள். பிரதேச செயலகக் காணிக் கிளையில் அதன் நிலையைக் கேளுங்கள். வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்கள் உள்ளேயோ பக்கத்திலோ இருக்கின்றனவா என்று நடந்து பாருங்கள். நீண்ட காலம் பற்றையாகக் கிடந்த காணி என்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டு முறையாகக் கையளிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதி செய்யாமல் டோசரையோ கலப்பையையோ இறக்காதீர்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு உடனே பொலிசுக்கு அறிவியுங்கள்.

குத்தகை என்றால் ஒரு போகத்துக்கா ஒரு வருடத்துக்கா என்று எழுத்தில் இருக்க வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை போன்ற குளங்களின் கீழ் சிறுபோகத்தில் (ஏப்ரலில் தொடங்கும் போகத்தில்) எல்லா ஏக்கருக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை. குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் எத்தனை ஏக்கர் செய்வது, யாருக்கு எவ்வளவு என்று முடிவாகும். ஒரு வருடக் குத்தகைக்கு எடுத்துவிட்டு இரண்டு போகம் விளையும் என்று கணக்குப் போடுவது ஆபத்து. அந்தக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். தண்ணீர் திறக்கும் திகதி, பூட்டும் திகதி, விதைப்புக்குக் கடைசி நாள் எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

கமநல சேவை நிலையத்தில் உங்கள் பெயரைப் பயிர்செய்பவராகப் பதிவு செய்யுங்கள். உரமானியமும் அழிவு நட்டஈடும் பதிவேட்டில் உள்ள பெயருக்குத்தான் வரும். குத்தகைக்குச் செய்தவர் வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து நிற்க, நட்டஈடு காணி உரிமையாளரின் கணக்குக்குப் போனதைக் கண்டிருக்கிறேன். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளம் நினைவில் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

7. போகக் கணக்கு

காலபோகம் ஒக்டோபர் மழையோடு தொடங்கி பெப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும். சிறுபோகம் ஏப்ரலில் தொடங்கி ஓகஸ்ட் வரை போகும். பி.ஜி. 300 மூன்று மாத நெல். ஏ.ரி. 362, பி.ஜி. 360 ஆகியவை மூன்றரை மாதம்; பி.ஜி. 360 ஐத்தான் கீரிச்சம்பா என்கிறோம். தண்ணீர் குறைவான சிறுபோகத்தில் அந்த இரண்டு வாரமே பயிரைக் காப்பாற்றும், அல்லது கெடுக்கும். விதைப்புக்கு ஏக்கருக்கு இரண்டு புசல் (ஏறக்குறைய 40 கிலோ) விதைநெல் என்பது விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு. இங்கே பலர் அதைவிடக் கூடுதலாக வீசுகிறார்கள். அதில் விதைச் செலவும் ஏறும், நோயும் கூடும்.

பணம் போகும் மாதங்களும் வரும் மாதங்களும் ஒன்றல்ல. செப்டெம்பரில் உழவுக் கூலி, ஒக்டோபரில் விதை, நவம்பர், டிசம்பரில் உரமும் களைநாசினியும், பெப்ரவரியில் அறுவடை இயந்திரக் கூலி என்று ஐந்து மாதம் செலவு மட்டுமே. அந்த ஐந்து மாதமும் வீட்டுச் செலவுக்கு வேறு வழி இல்லாவிட்டால், நெல்லை ஈரத்தோடு முதல் வியாபாரிக்கே விற்க வேண்டி வரும். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132. காய வைத்து, கொள்வனவு நிலையம் திறக்கும் வரை காத்திருக்க முடிந்தவருக்குத்தான் அந்த விலையால் பயன்.

மேட்டுநிலத்தில் உழுந்து, பயறு, கௌபி, கச்சான், எள் செய்பவர்கள் அறுவடை நாள் மழையில் விழாதபடி விதைப்பைத் திட்டமிட வேண்டும். உழுந்து மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். காயும் நேரத்தில் மழை பிடித்தால் நெற்று செடியிலேயே முளைத்துவிடும். எந்த வாரம் விதைப்பது என்பதில் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியர் சொல்வதைக் கேளுங்கள். அவருடைய தொலைபேசி இலக்கம் கமநல சேவை நிலையத்தில் கிடைக்கும்.

யானை, பன்றி, குரங்கு, மயில் ஆகியவற்றுக்கான காவல் செலவையும் கணக்கில் சேருங்கள். முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் வேலி இல்லாத மேட்டுநிலப் பயிர் வீடு வந்து சேராது.

8. உணவுத் தயாரிப்பு: ஆவணங்களின் வரிசை

இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தரம் செய்ய நேரும்.

கட்டிடத்தில் கை வைக்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தியுங்கள். அவர் பார்க்கப்போவது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தையும் அதன் ஒழுங்குவிதிகளையும் வைத்துத்தான். கழுவக்கூடிய தரையும் சுவரும், உட்கூரை, ஈ புகாத வலை, கைகழுவும் தொட்டி, தயாரிப்பு அறைக்குள் நேரே திறக்காத மலசலகூடம், மூலப்பொருளுக்கும் முடிவுப் பொருளுக்கும் தனித்தனி இடம் ஆகியவற்றை எதிர்பார்ப்பார். வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் கட்டுமுன்னே திருத்தலாம். கட்டிய பிறகு மலசலகூடத்தின் கதவை மறுபக்கம் மாற்றுவது எவ்வளவு செலவு என்பது கட்டியவர்களுக்குத் தெரியும்.

அடுத்து தண்ணீர். கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்கட்டும். வன்னியின் பல இடங்களில் நீர் கடினமானது. பூநகரிப் பக்கம் உவர். அறிக்கை பாதகமாக வந்தால் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். அதனால்தான் இதைக் கட்டிடத்துக்கு முன் செய்யச் சொல்கிறேன்.

மூன்றாவது மின்சாரம். ஆலை மோட்டார்களில் பல மும்முனை இணைப்பில் ஓடுபவை. உங்கள் வீதியில் மும்முனைக் கம்பி வந்திருக்கிறதா, இல்லாவிட்டால் எத்தனை கம்பம் நட வேண்டும், மதிப்பீடு எவ்வளவு என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேட்டு, அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகே இயந்திரத்துக்கு முற்பணம் கொடுங்கள்.

இந்த மூன்றும் சரியென்றால் பிரதேச சபையில் கட்டிட அனுமதி. அரைப்பு ஆலை போன்றவற்றுக்குச் சூழல் பாதுகாப்பு உரிமமும் தேவைப்படலாம். சிறிய தொழில்களுக்கு அதைப் பிரதேச சபையே வழங்கும். பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. உங்கள் தொழில் எந்தப் பட்டியலில் வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சத்தம், தூசி பற்றி அயலவர் முறையிட்டால் அந்தக் கடிதம்தான் உங்களுக்குத் துணை.

பிறகு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், காணி அல்லது குத்தகை ஆவணம், அடையாள அட்டை, உணவுத் தொழில் என்பதால் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை ஆகியவை வேண்டும். பதிவுக் கட்டணம் சிறியதுதான். வியாபாரப் பெயரை மூன்று மொழிகளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் முடிவு செய்துகொண்டு போங்கள். லேபிள், வங்கிக் கணக்கு, உரிமம் எல்லாவற்றிலும் அதே பெயர்தான் வர வேண்டும்.

அதன் பிறகு பிரதேச சபையின் வியாபார உரிமமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உணவு நிலையப் பதிவும். கடைசியாக வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இரண்டு பிரதி எடுத்து, இரண்டாவதில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பம் காணாமற்போனபோது அந்த முத்திரை இட்ட பிரதிதான் என்னை மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போகாமல் காப்பாற்றியது.

போத்தல் தண்ணீர் தயாரிக்க நினைப்பவர்களுக்கு இது போதாது. அதற்குச் சுகாதார அமைச்சின் தனிப் பதிவு வேண்டும். புதியவர்கள் அந்தத் துறையில் இறங்குவதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

9. லேபிளும் தராசும்

பொருளின் பெயர், இறங்கு வரிசையில் சேர்மானங்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், சேமிக்கும் முறை ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். மூன்று மொழிகளிலும் அச்சிடுவது பாதுகாப்பானது. ஆயிரக்கணக்கில் அச்சடிக்குமுன் மாதிரியைச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். “சர்க்கரை வியாதியைக் குணப்படுத்தும்” போன்ற வாசகங்களை ஒருபோதும் போடாதீர்கள். உணவு லேபிளில் நோய் தீர்க்கும் என்று சொல்வது சட்ட மீறல். உப்புச் சேர்க்கும் பொருளில் அயடின் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள்.

காலாவதித் திகதியை ஊகத்தில் போடக் கூடாது. சில பொதிகளை அறையிலேயே வைத்து மாதாமாதம் திறந்து பார்த்துக் குறித்து வாருங்கள். விதாதா வள நிலையத்தின் விஞ்ஞான உத்தியோகத்தர் ஆய்வுகூடப் பரிசோதனைக்கு வழிகாட்டுவார்.

தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை ஒவ்வொரு வருடமும் வேண்டும். பெரிய கடைகளுக்குக் கொடுப்பதென்றால் பட்டைக்குறியீடும் கேட்பார்கள். முதல் வருடம் அதற்குச் செலவழிக்க வேண்டாம். ஏ9 வீதிக் கடைகளிலும் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் விற்றுப் பழகுங்கள். கடனுக்குப் பொருள் கொடுத்தால் அடுத்த முறை பொருள் இறக்குமுன் முந்திய தொகையை வாங்கிவிடுங்கள்.

10. கடன்

நுண்கடனால் நம் கிராமங்களில் பெண்கள் பட்ட துன்பத்தைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை தவணை கேட்கும் கடன், ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வருமானம் தரும் பயிருக்குப் பொருந்தவே பொருந்தாது. கமத்துக்குக் கடன் எடுத்தால் அறுவடையின் பின் கட்டும் ஏற்பாடு உள்ள வங்கிக் கடனாக இருக்கட்டும். பிரதேச செயலகத்தில் சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவின் உத்தியோகத்தர் வியாபாரத் திட்டம் எழுத இலவசமாக உதவுவார். இயந்திர விலைக்கோரல்கள், உரிமங்களின் பிரதி, விற்பனைக் குறிப்பு ஆகியவற்றோடு வங்கிக்குப் போங்கள். பிறருக்குப் பிணை நின்ற கடன் நிலுவையில் இருந்தால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அதுவும் தெரியும். உங்கள் விண்ணப்பம் அதனாலேயே நிற்கலாம்.

இயந்திரத்தை மானியமாகத் தருகிறோம் என்று வருபவர்களிடம், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், திருத்துபவர் யார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் வாங்கிய இயந்திரங்கள் எத்தனையோ சங்கக் கட்டிடங்களில் படங்கு மூடிக் கிடக்கின்றன.

11. எப்போது தொடங்குவது

தயாரிப்புக்கு வருபவர்கள் நீர்ப் பரிசோதனை, சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, மின்சார மதிப்பீடு ஆகியவற்றை ஓகஸ்ட் மாதத்தில் தொடங்குங்கள். கட்டிட வேலையை ஒக்டோபர் மழைக்கு முன் கூரை வரை கொண்டுவந்துவிட்டால், மழைக்காலத்தில் உள்வேலையும் பெயர்ப் பதிவும் நடக்கும். வியாபார உரிமம் ஜனவரி முதல் டிசம்பர் 31 வரைக்கும் உரியது. நவம்பரில் எடுத்தாலும் அந்த வருடத்தோடு முடிந்துவிடும். ஆகவே அதற்கு மட்டும் ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பியுங்கள். அப்படியானால் பெப்ரவரி, மார்ச்சில் நெல்லும் உழுந்தும் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் கையில் உரிமமும் களஞ்சியத்தில் இடமும் இருக்கும். கொள்வனவுக்கான பணத்தை அதுவரை கட்டிட வேலைக்கு எடுக்காமல் தனிக் கணக்கில் வைத்திருங்கள்.